நல்ல நகரம் யாருக்கு நல்ல நகரம்?

(அம்பத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கூலி உயர்வைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்குத்தான் வருவேன். ஆனால் சற்றுச் சுற்றுவழியாக வருவேன். உலகத்து நகரங்களை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அம்பத்தூருக்கு வந்து சேருவேன். பொறுமையாகக் கேளுங்கள்.

போன வாரம் கொரட்டூரில் ஒரு பழைய ஆலைத் தோழரைப் பார்த்தேன். முப்பது வருஷம் இயந்திரத்தோடு நின்றவர். அவருடைய மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய போனில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்தும் வேலை செய்கிறவர்களுக்கு உலகத்திலேயே ஏற்ற நகரம் எது என்று மார்க் போட்டு வரிசைப்படுத்திய பட்டியல். லிஸ்பன் இருக்கிறது, பார்சலோனா இருக்கிறது, மெக்சிகோ சிட்டி இருக்கிறது, கோலாலம்பூர் இருக்கிறது. அந்தத் தோழர் என்னைக் கேட்டார்: "ஏன் தோழர், ஊர் ஊரா மார்க்கு போட்டிருக்கான். நம்ம அம்பத்தூரு எத்தினியாவது எடத்துல இருக்குது?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்தப் பதில்தான் இன்றைய பேச்சு.

வேலை எப்படி ஊர்விட்டு ஊர் போகிறது?

நம் வேலை இடத்தோடு கட்டப்பட்ட வேலை. தறி இருக்கும் இடத்தில் நெசவாளி நிற்க வேண்டும். நடவு வயலில் நட வேண்டும். செங்கல்லைச் சூளையில்தான் அறுக்க வேண்டும். ஆனால் கணக்கு எழுதுவது, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது, தொலைபேசியில் பதில் சொல்வது இவையெல்லாம் கம்பிவழியே ஓடக்கூடிய வேலைகள். 2020இல் கொரோனா வந்து ஊர் அடங்கியபோது இந்த வேலைகள் ஆபீசை விட்டு வீட்டுக்குப் போயின. அதே வருஷம் நவம்பரில் இந்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, இத்தகைய கம்பெனிகள்மீது இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. ஊழியர் வீட்டிலிருந்தே வேலை செய்வது சட்டப்படி சுலபமாயிற்று.

வெளிநாடுகளில் இன்னொரு காரியம் நடந்தது. வேலை வீட்டுக்குப் போகலாம் என்றால், வீடு எந்த நாட்டில் இருந்தால் என்ன? பார்படாஸ் என்ற கரீபியத் தீவு 2020 ஜூலையில், "எங்கள் ஊருக்கு வந்து தங்கி உங்கள் ஊர்க் கம்பெனிக்கு வேலை செய்யுங்கள்" என்று ஒரு விசாவை அறிவித்தது. எஸ்டோனியா ஆகஸ்டில் அறிவித்தது. 2022 அக்டோபரில் போர்ச்சுகலும் மலேசியாவும் வந்தன. 2023இல் ஸ்பெயின். 2024 ஜூலையில் தாய்லாந்து. இப்படிப் போகிறவர்களுக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது: 'டிஜிட்டல் நாடோடிகள்'.

அவர்கள் நகரத்தை எப்படி நிறுக்கிறார்கள்? இன்டர்நெட் எவ்வளவு வேகம்? மின்சாரம் நிற்காமல் வருமா? வாடகை மலிவா? விசா சுலபமா? பயமின்றி நடமாடலாமா? கம்பெனி இருக்கும் ஊருக்கும் தங்கும் ஊருக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம்? லிஸ்பனில் இருந்தால் லண்டனுக்கும் அங்கும் ஒரே மணி. மெக்சிகோ சிட்டியில் இருந்தால் அமெரிக்காவின் சிகாகோ கடிகாரத்தோடு ஏறக்குறையச் சேர்ந்தே போகலாம். பகலில் வேலை, இரவில் தூக்கம். கோலாலம்பூரில் வாடகை குறைவு, இன்டர்நெட் நன்றாக இருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அங்கே இரவு 9 அல்லது 10. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நல்லது, ஒரு கெட்டது.

இந்தக் கேள்விகளில் தவறு ஒன்றும் இல்லை, தோழர்களே. பிழைக்கப் போகிறவன் போகிற ஊரை விசாரித்துத்தான் போக வேண்டும். நம் பாட்டன் மலேயாவுக்குக் கப்பல் ஏறியபோது விசாரிக்க விடவில்லை. கங்காணி சொன்னதை நம்பிப் போய் ரப்பர் தோட்டத்தில் மாட்டிக்கொண்டான். விசாரிக்கிற உரிமை எல்லோருக்கும் வேண்டும். ஆனால் இந்தப் பட்டியலில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

வாசலில் நிற்கிற கணக்கு

இந்த விசாவை யாருக்குத் தருகிறார்கள்? போர்ச்சுகல் சட்டத்தைப் பாருங்கள். அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்கு வருமானம் இருக்க வேண்டும். 2025இல் அங்கே குறைந்தபட்சக் கூலி மாதம் 870 யூரோ. நான்கு மடங்கு என்றால் 3,480 யூரோ. மலேசியா, கம்ப்யூட்டர் தொழில் சார்ந்தவர்களிடம் வருஷத்துக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் கேட்கிறது. அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025இல் மாதம் 1,700 ரிங்கிட். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அதாவது, "எங்கள் ஊர்த் தொழிலாளியைப்போல் நான்கு ஐந்து மடங்கு சம்பாதிக்கிறவன் மட்டும் வா" என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

நம் கணக்கில் இதைப் பார்ப்போம். 24,000 டாலர் என்றால் மாதம் 2,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 1,70,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் வருஷத்துக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் 33,600 ரூபாய். திருமழிசைப் பக்கத்து விவசாயத் தொழிலாளி அம்மா அந்தத் திட்டத்தில் ஐந்து வருஷம் மண் சுமந்து வாங்கும் கூலியை, கோலாலம்பூருக்குப் போகிறவர் ஒரே மாதத்தில் காட்ட வேண்டும்.

உலகத்தில் இரண்டு வகை நாடோடிகள் இருக்கிறார்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்து வேலை செய்கிறவர்கள்தான். முன்பணம் வாங்கிய நாளிலிருந்து அவர்கள் சூளையை விட்டு நகர முடிவதில்லை. அவர்களுக்காக எந்த நகரமும் விளம்பரம் செய்வதில்லை. எந்தச் சூளையில் தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும் என்று அவர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுப்பார் இல்லை.

நாலு மடங்கு வந்தால் வாடகை என்ன ஆகும்?

நான்கு மடங்குக்காரர் ஒரு தெருவுக்கு வருகிறார். வீட்டுக்காரன் என்ன செய்வான்? வாடகையை ஏற்றுவான். வந்தவருக்கு அது மலிவாகத்தான் தெரியும். லண்டனில் கொடுத்ததைவிடக் குறைவுதானே! ஆனால் அதே தெருவில் இருக்கிற பஸ் டிரைவருக்கும், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அம்மாவுக்கும் அந்த வாடகை எட்டாது. அவர்கள் ஊருக்கு வெளியே போக வேண்டும்.

இது என் கற்பனை அல்ல. 2023 ஏப்ரல் 1ஆம் தேதி லிஸ்பனிலும் போர்ச்சுகலின் மற்ற நகரங்களிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் "வாழ்வதற்கு வீடு வேண்டும்" என்று தெருவில் இறங்கினார்கள். உல்லாசப் பயணிகளுக்கு விடுகிற 10,101 வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பரோடு முடித்துவிடுவதாகப் பார்சலோனா மேயர் 2024 ஜூனில் அறிவித்தார். ஊர்க்காரர்கள் குடியிருக்க வீடு இல்லாமல் போனதால் வந்த முடிவு அது. மெக்சிகோ சிட்டியில் 2022 அக்டோபரில் நகர நிர்வாகமே தொலைவேலைக்காரர்களை அழைப்பதற்கு, வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. 2025 ஜூலையில் அதே நகரத்து மக்கள், "எங்கள் பேட்டையில் எங்களால் குடியிருக்க முடியவில்லை" என்று ஊர்வலம் போனார்கள்.

இன்னொரு ஊர்: தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய். வாடகை மலிவு, சாப்பாடு மலிவு என்று நாடோடிகளிடம் பேர் வாங்கிய ஊர். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டையும் வயல் தாளையும் எரிக்கும் புகை அங்கே சூழ்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் லேப்டாப்காரர்கள் பலர் கடலோரத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஊர் விவசாயத் தொழிலாளி எங்கே போவான்? அவன் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தங்கிப் போகிறவனுக்கு அது ஒரு முகாம். இருக்கிறவனுக்கு அது ஊர். முகாமுக்கு மார்க் போடுகிற பட்டியல் ஊருக்கு மார்க் போடுவதில்லை.

கோபம் யார்மேல்?

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த லேப்டாப்காரன்தான் நம் விரோதி" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது தப்பான பாதை. பார்சலோனாவில் 2024 ஜூலையில் சிலர் உல்லாசப் பயணிகள்மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்தார்கள். கோபம் நியாயமானது, ஆனால் நனைந்தவன் வாடகையை ஏற்றியவன் அல்லவே!

அந்த லேப்டாப்காரரும் மாதச் சம்பளக்காரர்தான். கம்பெனி "போ" என்றால் ஒரே கடிதத்தில் போக வேண்டியவர்தான். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொரட்டூர்த் தோழருடைய மகள் யார்? ஆலைத் தொழிலாளியின் மகள். அவளுக்கு லிஸ்பன் இல்லை, கோலாலம்பூர் இல்லை. அம்பத்தூரில் அப்பா வீட்டின் முன் அறைதான் அவளுக்கு ஆபீஸ்.

இப்போது அம்பத்தூருக்கு வருவோம்

நம் பக்கம் முதலாளிகளுக்கு எப்போதும் ஒரு நல்ல முகாமாகத்தான் இருந்திருக்கிறது. 1949இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை எழுந்தது. டன்லப் டயர் ஆலை வந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது; மூடிக்கொண்டும் போனது. நிலம் மலிவு, ரயில் வசதி, ஆள் மலிவு என்று முதலாளி மார்க் போட்டு வந்தான். வேறு ஊரில் மார்க் கூடினால் போய்விடுவான். அன்றைக்கு ஆலையைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கொஞ்ச காலமாவது பிடித்தது. இன்றைக்குக் கம்பிவழி வேலை ஒரு ராத்திரியில் போய்விடும்.

பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. 2024 நவம்பரில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 330 கோடி ரூபாய்ச் செலவில் 21 மாடி டைடல் பூங்காவைத் திறந்தார்கள். 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் மெட்ரோ சோதனை ஓட்டம் நடந்தது. வேலை வரட்டும், ரயில் வரட்டும், நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு என்னென்ன வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, நேரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே எட்டு மணி நேர வேலை முடியும்போது இங்கே விடியற்காலம் 2.30 அல்லது 3.30. லிஸ்பனுக்குப் போகிறவர் தன் கடிகாரத்துக்கு ஏற்ற ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். அம்பத்தூர்ப் பெண் ஊரை மாற்றவில்லை, தூக்கத்தை மாற்றிக்கொள்கிறாள். அப்பா பகல் ஷிப்ட், மகள் இரவு ஷிப்ட். ஒரே வீட்டில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, மின்சாரம். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடுகிறது. இரவெல்லாம் கம்ப்யூட்டரும் விளக்கும் காற்றாடியும் ஓடினால் மீட்டர் எங்கே நிற்கும்? வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் வைத்ததே யூனிட் விலை. முன்பு ஆபீஸ் கட்டடத்து மின்சாரத்துக்குக் கம்பெனி பணம் கட்டியது. இன்று அந்தச் செலவு தொழிலாளி வீட்டுக் கணக்கில் ஏறிவிட்டது. நாற்காலி, இன்டர்நெட், மின்சாரம், ஒரு அறை எல்லாம் தொழிலாளியின் செலவு. லாபம் மட்டும் கம்பெனிக்கு.

மூன்றாவது, வாடகை. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டம் போய் 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதில் வாடகை என்பது வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று எழுதினார்கள். வேறு உடன்பாடு இருந்தால் தவிர என்று அதிலேயே ஒரு சந்தும் வைத்தார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நடமாடுகிறது. கண்ணாடிக் கட்டடம் எழுந்த பக்கத்தில் வாடகை ஏறினால் ஆலைத் தொழிலாளி திருநின்றவூருக்குப் போகிறான். அங்கிருப்பவன் இன்னும் தள்ளிப் போகிறான். வயல் மனையாகிறது. வயலில் நட்டவளுக்கு வேலையும் போகிறது, குடிசைக்குப் பக்கத்து நிலமும் போகிறது.

நான்காவது, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கியது. சிறு பட்டறைகளில் இயந்திரங்கள் நீரில் நின்றன. பல தெருக்களில் மின்சாரம் போயிற்று, போனும் போயிற்று. வேறு நகரத்துக்குப் போகக் கூடியவர்கள் போனார்கள். நாம் மொட்டைமாடியில் நின்றோம். ஏரிக்கும் கால்வாய்க்கும் வழிவிடாத நகரத்துக்கு எந்தப் பட்டியலில் எத்தனை மார்க் கொடுத்தால் என்ன?

வீட்டிலிருந்து வேலை நமக்குப் புதிதா?

"வீட்டுக்குள் நடக்கிற வேலைக்கு எப்படித் தோழர் சட்டம் போட முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். முடியும். நம் தாய்மார்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றவில்லையா? "அவர்கள் வீட்டில்தானே செய்கிறார்கள், தொழிலாளியே அல்ல" என்றுதான் முதலாளிகள் சொன்னார்கள். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று ஏற்றுக்கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் வீட்டு வேலையாளர்களுக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. திண்ணைவரை வந்த சட்டம் முன் அறைக்குள் வரக் கூடாதா?

அதே போர்ச்சுகலிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்குக் கூடுதலாக ஆகும் மின்சார, இன்டர்நெட் செலவை முதலாளி கொடுக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் முதலாளி ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிரான்சில் வேலை நேரம் முடிந்தபின் போனை அணைத்து வைக்கிற உரிமை 2017 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது.

எட்டு மணி நேர வேலை என்பது நமக்கு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய நாளிலிருந்து கேட்டு வாங்கியது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆலை வாசலில் காப்பாற்றிய அந்த எட்டு மணி நேரத்தை, வீட்டு முன் அறையில் நம் மகள் சத்தமில்லாமல் இழந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லையா? உண்டு. ஐ.டி. ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு என்று தமிழ்நாட்டு சர்க்கார் 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. பக்கத்து அறையில் யார் வேலை செய்கிறார் என்றே தெரியாதவர்களை ஒன்று சேர்ப்பதுதான் பாக்கி.

நம்முடைய பட்டியல்

ஆகவே கொரட்டூர்த் தோழருக்கு என் பதில் இதுதான். அந்தப் பட்டியலில் அம்பத்தூர் எத்தனையாவது என்று தேட வேண்டாம். நாமே ஒரு பட்டியல் போடுவோம். லிஸ்பனையும் கோலாலம்பூரையும் ஆவடியையும் பூந்தமல்லியையும் ஒரே தராசில் நிறுப்போம். நாம் கேட்கிற கேள்விகள் வேறு:

இந்த நகரத்தைப் பெருக்குகிறவர் இதே நகரத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடிகிறதா?

ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கு வீட்டு வாடகைக்குப் போகிறது?

எட்டு மணி நேரம் முடிந்தபின் தொழிலாளியின் இரவு யாருக்குச் சொந்தம்?

வேலைக்கான மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்?

மழை பெய்தால் தண்ணீர் ஏரிக்குப் போகிறதா, குடிசைக்குப் போகிறதா?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்கிற நகரம்தான் முதலிடம். அப்படிப்பட்ட நகரம், தங்கிப் போக வருகிறவருக்கும் நல்ல நகரமாகத்தான் இருக்கும். அவருக்கும் நமக்கும் இதில் சண்டை இல்லை.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடும்போது ஒவ்வொருவரும் மூன்று காகிதம் கொண்டு வாருங்கள். வாடகை ரசீது, ரசீது தராத வீட்டுக்காரராக இருந்தால் தொகையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். கடைசியாக வந்த இரண்டு மின்சாரக் கணக்கு. வீட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் உட்காரும் நேரமும் எழுந்திருக்கும் நேரமும் ஒரு வாரத்துக்கு எழுதிய தாள். முடிந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். தூக்கக் கலக்கத்தோடு வந்தாலும் பரவாயில்லை. ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் கம்ப்யூட்டர் தொழிலாளியும் அவரவர் கணக்கை ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்போம். மூன்று கணக்கும் எங்கே ஒன்றாகிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். கோரிக்கையை அங்கேயே எழுதுவோம்.